சர்வீஸ் ஸ்டார்ட் ஆகலையா? சுவரை இடிக்காதீங்க!

உங்க லேப் ரெக்கார்டு நோட்டை எடுத்து எந்தப் பக்கத்தை வேணும்னாலும் திருப்புங்க. கடைசி வரி என்னன்னு பார்க்காமலே சொல்லிடலாம். "இவ்வாறு நிரல் வெற்றிகரமாக இயக்கப்பட்டு வெளியீடு சரிபார்க்கப்பட்டது." முதல் செமஸ்டர்ல இருந்து கடைசி செமஸ்டர் வரைக்கும் இதே வரிதான். பத்து எக்ஸ்பெரிமெண்ட், பத்து வெற்றி. ஒரு சர்வீஸ் ஸ்டார்ட் ஆகலைன்னா அதை எழுதறதுக்கு அந்த நோட்டுல ஒரு பக்கம்கூட கிடையாது.

ஆனா வேலைக்குப் போனா சம்பளம் தர்றதே அந்த இல்லாத பக்கத்துக்குத்தான். ஓடுற சர்வரைப் பார்த்துக்கிட்டு உட்கார யாரும் ஆள் எடுக்கறதில்லை. ராத்திரி 2 மணிக்கு ஒரு சர்வீஸ் எழுந்திருக்க மாட்டேன்னு அடம் பிடிக்கும்போது, "ஏன்"னு கண்டுபிடிக்கத்தான் ஆள் வேணும்.

கண்டெய்னர், விர்ச்சுவல் மெஷின், சிஎச்ரூட் மாதிரி ஒரு தனி அறைக்குள்ள ஓட வேண்டிய சர்வீஸ் ஓடலைன்னா நம்ம ஆட்கள் செய்யற முதல் வேலை என்ன? சிஹெச்மோட் 777. அடுத்து ஃபயர்வால் ஆஃப். அதுவும் போதலைன்னா டாக்கர் ரன் கட்டளையில 'பிரிவிலேஜ்ட்'னு ஒரு ஃபிளாக். அதாவது, அறைக்குள்ள ஃபேன் ஓடலைன்னதும் சுவரை இடிச்சுடறோம். காத்து வருது, சந்தோஷம். ஆனா ஃபேன் ஏன் ஓடலைன்னு கடைசிவரை தெரியாது.

இந்தக் கட்டுரையில நான் சொல்ல வர்றது ரெண்டே விஷயம். ஒன்று, தனி அறையில சர்வீஸ் ஓடாம போறது அறையோட குற்றம் இல்லை. அந்த சர்வீஸ் வெளியில யார் யார்கிட்ட என்னென்ன கடன் வாங்கி ஓடிக்கிட்டு இருந்ததுங்கிற கணக்கு அங்கேதான் வெளியே வருது. இரண்டு, அந்தக் கணக்கை வாசிக்கிற பழக்கத்துக்கு நம்ம லேப்ல மார்க் இருக்கணும்.

வீட்டுல இருந்து ஹாஸ்டலுக்கு

வீட்டுல இருந்தவரைக்கும் வாளி எங்க இருக்கு, சோப்பு யார் வாங்கறாங்கன்னு யோசிச்சிருப்போமா? ஹாஸ்டல் ரூமுக்கு வந்த முதல் நாள் காலையிலதான் வாளி இல்லைங்கிறதே தெரியும். சர்வீஸ்களும் அப்படித்தான். சாதாரண லினக்ஸ் மெஷின் ஒரு கூட்டுக் குடும்பம். யாரோ ஃபோல்டர் உருவாக்கி வச்சிருப்பாங்க, யாரோ லாக் எழுதிக்குவாங்க, யாரோ பேருக்கு ஐபி அட்ரஸ் தேடித் தருவாங்க. தனி அறைக்குள்ள போனா அந்த 'யாரோ' எல்லாம் இருக்க மாட்டாங்க.

இந்தத் தனி அறை யோசனை புதுசு இல்லை. 1979-ல் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே சிஎச்ரூட் இருந்தது. ஒரு புரோகிராமுக்கு "இந்த ஃபோல்டர்தான் உனக்கு உலகம்"னு சொல்லிடற வேலை அது. 2000-ல் ஃப்ரீபிஎஸ்டி 'ஜெயில்' கொண்டு வந்தது. ஃபைல் மட்டும் இல்லாம புராசஸ், நெட்வொர்க் எல்லாத்துக்கும் சுவர். லினக்ஸ் கெர்னல்ல நேம்ஸ்பேஸ், சிகுரூப் ஒவ்வொன்றாகச் சேர்ந்து, 2008-ல் எல்எக்ஸ்சி, 2013-ல் டாக்கர். இன்னிக்கு அண்ணா பல்கலைக்கழகத்தோட 2021 ஒழுங்குமுறையில கிளவுட் கம்ப்யூட்டிங் லேப்ல டாக்கர்ல முதல் கண்டெய்னரை உருவாக்கி ஓட்டறதும் ஒரு பயிற்சி.

இதுல ஒரு விஷயத்தை மட்டும் பிடிச்சுக்கங்க. சுவர் ஒன்று இல்லை, நாலு. ஃபைலுக்கு ஒரு சுவர், புராசஸ் எண்ணுக்கு ஒரு சுவர், நெட்வொர்க்குக்கு ஒரு சுவர், அதிகாரத்துக்கு ஒரு சுவர். சர்வீஸ் எந்தச் சுவர்ல முட்டிக்கிட்டு நிக்குதுன்னு தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சது.

ஒவ்வொரு சுவரா தட்டிப் பார்ப்போம்

முதல்ல எஸ்எஸ்ஹெச். உபுண்டு இமேஜ்ல ஒரு கண்டெய்னர் எடுத்து, ஓப்பன்எஸ்எஸ்ஹெச் சர்வர் இன்ஸ்டால் பண்ணி, எஸ்எஸ்ஹெச்டி-யை நேரா ஓட்டினா பெரும்பாலும் ஒரு வரி வரும்: பிரிவிலேஜ் செபரேஷன் டைரக்டரி இல்லை, ரன் ஃபோல்டருக்குள்ள எஸ்எஸ்ஹெச்டி ஃபோல்டரைக் காணோம். இன்ஸ்டால் சரியா நடந்துச்சே, ஏன் ஃபோல்டர் இல்லை? ரன் ஃபோல்டர் சாதாரண மெஷின்ல மெமரியில இருக்கிற தற்காலிக இடம். ஒவ்வொரு பூட்டுலயும் காலியாத்தான் ஆரம்பிக்கும். சர்வீஸைக் கிளப்பும்போது அதுக்கு வேண்டிய ஃபோல்டரை சிஸ்டம்டி உருவாக்கித் தரும். கண்டெய்னர்ல சிஸ்டம்டி கிடையாது. ஒரு எம்கேடிஐஆர் போட்டா முடியற விஷயம். ஆனா காரணம் தெரியாம போட்டா, அடுத்த தடவை வேற சர்வீஸ் வேற ஃபோல்டரைக் கேட்கும்போது மறுபடி முழிப்போம்.

ரெண்டாவது, சிஸ்டம்சிடிஎல் ஸ்டார்ட் அடிச்சதும் வர்ற புகழ்பெற்ற பதில்: இந்த சிஸ்டம் சிஸ்டம்டி-யை இனிட் ஆக வைத்து பூட் ஆகவில்லை, பிஐடி 1 அது இல்லை, என்னால் இயங்க முடியாது. இதைப் பார்த்ததும் "சரி, கண்டெய்னர்க்குள்ள சிஸ்டம்டி எப்படி இன்ஸ்டால் பண்றது"ன்னு தேடப் போறவங்கதான் அதிகம். ஆனா அந்த வரியே பதிலைச் சொல்லிடுச்சு. சிஸ்டம்சிடிஎல் ஒரு காலிங் பெல் மட்டும்தான். உள்ளே கதவு திறக்க சிஸ்டம்டி இருந்தாத்தான் பிரயோஜனம். கண்டெய்னர்ல முதல் புராசஸ் நீங்க கொடுக்கற புரோகிராம்தான். அதனால சர்வீஸை நேரடியா, முன்னணியில ஓட விடணும்.

இங்கதான் மூணாவது குழப்பம் பிறக்குது. என்ஜின்எக்ஸ், அப்பாச்சி, எஸ்எஸ்ஹெச்டி எல்லாம் பழைய யூனிக்ஸ் வழக்கப்படி ஸ்டார்ட் ஆனதும் தன்னைப் பின்னணிக்கு அனுப்பிட்டு, கிளப்பின புராசஸை முடிச்சுடும். சாதாரண மெஷின்ல அது நாகரிகம். கண்டெய்னர்ல அது தற்கொலை. முதல் புராசஸ் முடிஞ்சா கண்டெய்னரே முடிஞ்சது. எக்ஸிட் கோடு பார்த்தா 0, அதாவது "எல்லாம் நல்லபடியா முடிஞ்சது". எரர் இல்லை, லாக் இல்லை, சர்வரும் இல்லை. என்ஜின்எக்ஸுக்கு 'டீமன் ஆஃப்', எஸ்எஸ்ஹெச்டி-க்குப் பெரிய 'டி' ஆப்ஷன், அப்பாச்சிக்கு 'ஃபோர்கிரவுண்ட்' கொடுக்கறது இதுக்காகத்தான். ரெடிமேட் இமேஜ்கள்ல இதை முன்னாடியே செஞ்சு வச்சிருப்பாங்க. சொந்தமா டாக்கர்ஃபைல் எழுதும்போதுதான் மாட்டுவோம்.

நாலாவது எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஃபைல் கண்ணு முன்னாடி இருக்கு. எல்எஸ் போட்டா தெரியுது. ஓட்டினா "அப்படி ஒரு ஃபைலோ டைரக்டரியோ இல்லை"ங்குது. கம்ப்யூட்டர் பொய் சொல்லலை. எந்த ஃபைல் இல்லைன்னு மட்டும் சொல்லாம விடுது. காணாம போனது உங்க புரோகிராம் இல்லை, அதை மெமரியில ஏத்தி ஓட்டற லோடர். சிஎச்ரூட்டுக்குள்ள பைனரியை மட்டும் காப்பி பண்ணி, அது நம்பியிருக்கிற லைப்ரரிகளை விட்டுட்டா இப்படித்தான் ஆகும். எல்டிடி போட்டுப் பார்த்தா எதெல்லாம் வேணும்னு பட்டியல் வரும். உபுண்டுல கம்பைல் பண்ணினதை ஆல்பைன் இமேஜ்ல தூக்கிப் போட்டாலும் இதே கதை, ஏன்னா ஆல்பைன்ல சி லைப்ரரியே வேற.

இதே எரர் நம்ம பசங்களுக்கு இன்னொரு வழியில வரும். விண்டோஸ் லேப்டாப்ல நோட்பேடுல ஒரு ஸ்டார்ட் ஸ்கிரிப்ட் எழுதி, அதை லினக்ஸ் கண்டெய்னருக்குள்ள காப்பி பண்ணுவோம். விண்டோஸ் ஒவ்வொரு வரி முடிவுலயும் கண்ணுக்குத் தெரியாத ஒரு எழுத்தைக் கூடுதலா வைக்கும். முதல் வரியில ஷெல் பேருக்குப் பின்னாடி அந்த எழுத்தும் ஒட்டிக்கிட்டு, அப்படி ஒரு ஷெல்லே இல்லைன்னு லினக்ஸ் கைவிரிச்சுடும். டாஸ்டுயூனிக்ஸ்னு ஒரு சின்ன டூல் ஒரு நொடியில சரி பண்ணிடும். காரணம் தெரியாதவங்க இமேஜை ஏழு தடவை ரீபில்ட் பண்ணுவாங்க.

ஐந்தாவது, புராஜெக்ட் ரிவ்யூ நாள்ல அதிகமா கழுத்தறுக்கிறது: சர்வீஸ் ஸ்டார்ட் ஆயிடுச்சு, ஆனா பிரவுசர்ல வரலை. ஃபிளாஸ்க் எடுத்துக்கங்க. எதுவும் சொல்லலைன்னா 127.0.0.1-ல், 5000 போர்ட்ல காத்திருக்கும். 127.0.0.1-னா "நான் மட்டும்". லேப்டாப்ல 'நான்'னா லேப்டாப். கண்டெய்னர்ல 'நான்'னா அந்தக் கண்டெய்னர் மட்டும். போர்ட் மேப்பிங் எல்லாம் சரியாக் கொடுத்திருந்தாலும், வாசல்ல வந்து தட்டறவங்களுக்கு உள்ளறையில இருக்கிறவர் பதில் சொல்ல மாட்டார். 0.0.0.0-ல் காத்திருக்கச் சொன்னா சரியாயிடும். இதோட மறுபக்கம், ஆப் ஒரு கண்டெய்னர்ல, டேட்டாபேஸ் இன்னொரு கண்டெய்னர்ல. ஆப்போட கான்ஃபிக்ல மட்டும் 'லோக்கல்ஹோஸ்ட்'. ஆப் தன் வீட்டுக்குள்ளேயே டேட்டாபேஸைத் தேடிக்கிட்டு இருக்கும். டாக்கர் கம்போஸ்ல சர்வீஸ் பேரையே ஹோஸ்ட் பேராக் கொடுக்கணும். அந்தப் பேரை ஐபி-யா மாத்தித் தர உள்ளேயே 127.0.0.11-ல் ஒரு டிஎன்எஸ் இருக்கு. நீங்களா உருவாக்கின நெட்வொர்க்லதான் அந்தப் பேர் தேடல் வேலை செய்யும், டாக்கரோட டீஃபால்ட் பிரிட்ஜ்ல செய்யாது.

ஆறாவது, போர்ட்டைப் பிடிக்க முடியலைன்னு வர்ற எரர். மூணு விதம் இருக்கு, மூணுக்கும் அர்த்தம் வேற. 'அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்'னா சீட்ல ஏற்கெனவே ஒருத்தர் உட்கார்ந்திருக்கார். எஸ்எஸ் கட்டளையில யாருன்னு பாருங்க, பெரும்பாலும் நீங்களே முன்னாடி ஓட்டின பழைய காப்பியா இருக்கும். 'பெர்மிஷன் டினைட்'னா அந்த சீட்ல உட்கார உங்களுக்கு அனுமதி இல்லை. லினக்ஸ்ல வழக்கமா 1024-க்குக் கீழே உள்ள போர்ட்கள் சாதா யூசருக்குக் கிடையாது. 'கேனாட் அசைன் ரிக்வெஸ்டட் அட்ரஸ்'னா நீங்க கேட்கிற சீட்டே இந்த பஸ்ல இல்லை. கான்ஃபிக்ல எழுதியிருக்கிற ஐபி இந்த அறைக்குள்ள கிடையாது. மூணுக்கும் ஒரே மருந்தா 'ரூட்ல ஓட்டு'ன்னு சொன்னா, நடு கேஸுக்கு மட்டும்தான் கேட்கும். மத்த ரெண்டுக்கும் எந்தப் பலனும் இல்லை, ரிஸ்க் மட்டும் மிச்சம்.

கடைசியா, முந்திக்கொண்ட கேஸ். டேட்டாபேஸ் எழுந்து கண்ணைத் துடைக்கிறதுக்குள்ள ஆப் வந்து கதவைத் தட்டி, பதில் வரலைன்னு செத்துப்போகும். கம்போஸ்ல 'டிபெண்ட்ஸ் ஆன்' போட்டிருக்கேனேன்னு கேட்பீங்க. வெறுமனே போட்டா, அந்தக் கண்டெய்னர் ஸ்டார்ட் ஆச்சான்னு மட்டும்தான் பார்க்கும், உள்ள டேட்டாபேஸ் தயாரான்னு பார்க்காது. ஹெல்த்செக் எழுதி, 'சர்வீஸ் ஹெல்தி' வரைக்கும் காத்திருன்னு சொல்லணும். இதைவிட நல்லது, ஆப்பே நாலு தடவை தட்டிப் பார்க்கிற மாதிரி எழுதறது.

எந்த வரிசையில தேடணும்?

மேலே சொன்னதை எல்லாம் மனப்பாடம் பண்ண வேண்டாம். வரிசை மட்டும் போதும். உள்ளேயிருந்து வெளியே போங்க.

முதல்ல, புராசஸ் உயிரோட இருக்கா? டாக்கர் பிஎஸ்-ல நிறுத்தப்பட்ட கண்டெய்னரையும் சேர்த்துப் பாருங்க. செத்திருந்தா எக்ஸிட் கோடு என்ன? 127-னா கட்டளையே கிடைக்கலை. 126-னா கிடைச்சது, ஓட்ட முடியலை. 137-னா 128 கூட 9, அதாவது யாரோ கில் பண்ணியிருக்காங்க. மெமரி போதாம கெர்னல் கொன்றிருக்கலாம்.

ரெண்டாவது, லாக். கடைசி வரியை இல்லை, முதல் எரர் வரியைப் படிங்க. ஒரு தப்பு நடந்தா அதுக்குப் பின்னாடி இருபது தப்பு வரிசையா விழும். நாம ஸ்கிரீன்ல பார்க்கிறது இருபதாவதை. நோய் முதல் வரியில இருக்கு.

மூணாவது, கான்ஃபிக்கை மட்டும் சோதிச்சுப் பாருங்க. என்ஜின்எக்ஸ், எஸ்எஸ்ஹெச்டி ரெண்டுக்குமே சின்ன 'டி' ஆப்ஷன் அதுக்குத்தான் இருக்கு. எந்த ஃபைல்ல எத்தனாவது வரியில பிசகுன்னு அதுவே சொல்லிடும்.

நாலாவது, கையால முன்னணியில ஓட்டிப் பாருங்க. பின்னணியில முணுமுணுக்கிறது முன்னணியில சத்தமாப் பேசும்.

ஐந்தாவது, போர்ட் திறந்திருக்கான்னு அறைக்குள்ளேயே கேளுங்க. அப்புறம் பக்கத்து கண்டெய்னர்ல இருந்து. அப்புறம் ஹோஸ்ட்ல இருந்து. அப்புறம் வேற மெஷின்ல இருந்து. எந்தப் படியில பதில் நிக்குதோ, அதுக்கும் முந்தின படிக்கும் நடுவுலதான் பிரச்சினை. ஃபயர்வாலைப் பத்தி யோசிக்க வேண்டியது கடைசிப் படியில. நாம முதல் நிமிஷத்துலயே அதை ஆஃப் பண்ணிட்டு உட்கார்ந்திருக்கோம்.

சுவர் யாருக்காக?

"ஓடினா போதும்ல, எதுக்கு இவ்வளவு?"ன்னு கேட்கலாம். பிரிவிலேஜ்ட் ஃபிளாக் என்ன பண்ணுதுன்னு பாருங்க. கண்டெய்னருக்கு எல்லா அதிகாரமும் கிடைக்கும், ஹோஸ்ட்டோட டிவைஸ்களும் கைக்கு வரும், வழக்கமான பாதுகாப்பு வடிகட்டிகளும் விலகும். உங்க வெப் ஆப்ல ஒரு ஓட்டை இருந்தா, உள்ள வந்தவன் அறையோட நிக்க மாட்டான். வீட்டுக்கே சொந்தக்காரன் ஆயிடுவான்.

சுவரோட மதிப்பு என்னன்னு காட்ட நம்ம மாநிலத்துலயே ஒரு சம்பவம் இருக்கு. கூடங்குளம் அணுமின் நிலையம். அங்கே மால்வேர் புகுந்ததா 2019 அக்டோபர் கடைசியில பேச்சு எழுந்தது. அக்டோபர் 30-ஆம் தேதி இந்திய அணுமின் கழகம் தங்கள் சிஸ்டத்துல மால்வேர் கண்டறியப்பட்டது உண்மைதான்னு ஒப்புக்கொண்டது. பாதிக்கப்பட்டது நிர்வாக வேலைக்கான, இணையத்தோட இணைந்த நெட்வொர்க்ல இருந்த ஒரு யூசரோட கம்ப்யூட்டர். நிலையத்தோட முக்கியமான உள் நெட்வொர்க் அதுல இருந்து தனியாப் பிரிக்கப்பட்டிருந்தது, அது பாதிக்கப்படலைன்னும் சொன்னாங்க. ரெண்டு நெட்வொர்க்குக்கும் நடுவுல சுவர் இல்லைன்னா கதை என்னவாகியிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. அந்த மாதிரி இடத்துல ஒரு சர்வீஸ் ஸ்டார்ட் ஆகலைங்கிறதுக்காக "சும்மா ஒரு பத்து நிமிஷம் நெட் கனெக்ட் பண்ணிக்கறேன்"னு சொல்ல முடியுமா? அங்கே வேலைக்குப் போற ஆளும் இந்த மாதிரி ஒரு காலேஜ் லேப்ல இருந்துதான் போகணும். இன்னிக்கு இங்க 777 போட்டுப் பழகின கை நாளைக்கு அங்கேயும் அதையே தேடும்.

கேக்காமலே வர்ற தனிமை

இதுவரைக்கும் சொன்னது நாமா கட்டின சுவர். இயற்கை கட்டற சுவரும் உண்டு. திருக்கோவிலூர்க்காரங்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. பெண்ணையாத்துக்குள்ள நிக்கிற கபிலர் குன்றைத் தண்ணி இல்லாத நாள்ல நடந்து போய்ப் பார்த்துட்டு வரலாம். வெள்ளம் வந்தா அது தனித் தீவு. 2024 டிசம்பர் தொடக்கத்துல ஃபெஞ்சல் புயல் மழையில சாத்தனூர் அணையில இருந்து விநாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி தண்ணி திறந்து விட்டப்ப, ஆத்தோரம் முழுக்க என்ன ஆச்சுன்னு நமக்குத் தெரியும். அப்படி ஒரு நாள்ல கரண்ட் போய்த் திரும்பி வந்து, இன்டர்நெட் மட்டும் வரலைன்னு வச்சுக்கங்க. உங்க புராஜெக்ட் சர்வர் தானா எழுந்திருக்குமா?

பெரும்பாலான புராஜெக்ட் எழுந்திருக்காது. ஸ்டார்ட் ஸ்கிரிப்ட்லயே பேக்கேஜ் டவுன்லோட் பண்ற வரி இருக்கும். இமேஜ் டாக்கர் ஹப்ல இருந்து வரணும். பேஜோட பூட்ஸ்ட்ராப் வேற எங்கேயோ ஒரு சிடிஎன்ல இருக்கும். சர்வர் பூட் ஆகும்போதே "நெட்வொர்க் தயாராகக் காத்திருக்கிறேன்"னு ரெண்டு நிமிஷம் நிக்கும். உள்ளூர்ல ஓட வேண்டிய ஒரு மருந்து ஸ்டாக் ஆப்போ, பால் சொசைட்டி கணக்கோ, வெளியூர்ல இருக்கிற ஒரு சர்வர் பதில் சொல்லலைன்னு படுத்திருக்கும். மக்களுக்கு அது ரொம்பத் தேவைப்படற நாள்லதான் படுத்திருக்கும்.

"இது சின்னப் பசங்க புராஜெக்ட்ல வர்ற தப்பு"ன்னு நினைக்காதீங்க. 2021 அக்டோபர் 4-ஆம் தேதி ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் எல்லாம் ஏறக்குறைய 6 மணி நேரம் காணாம போச்சே, அதுவும் இந்த வகைதான். பராமரிப்பு வேலையில கொடுத்த ஒரு கட்டளை அவங்க டேட்டா சென்டர்களை இணைக்கிற பின்னணி நெட்வொர்க்கையே துண்டிச்சுடுச்சு. டேட்டா சென்டரை எட்ட முடியலைன்னு அவங்க டிஎன்எஸ் சர்வர்கள் "எங்ககிட்ட வராதீங்க"ன்னு இணையத்துல இருந்து தங்களை விலக்கிக்கிட்டது. சர்வர்கள் ஓடிக்கிட்டுத்தான் இருந்தது, யாராலும் கண்டுபிடிக்க முடியலை. சரி பண்ண வேண்டிய இன்ஜினியர்களோட உள் டூல்களும் அதே நெட்வொர்க்கை நம்பி இருந்ததால அதுவும் போச்சு. நேர்ல ஆள் போய்த்தான் சரி பண்ண வேண்டியிருந்தது. தன்னைச் சரி பண்ற சாவியையே பூட்டின வீட்டுக்குள்ள வச்சிருந்த கதை.

அதனால ஒரு சின்ன சோதனை. ஃபைனல் ரிவ்யூவுக்கு முன்னாடி லேன் கேபிளைப் பிடுங்கிட்டு, வைஃபை ஆஃப் பண்ணிட்டு, சர்வரை ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க. எது எழுந்திருக்கலையோ, அதுதான் உங்க சர்வீஸ் வெளியில வாங்கியிருக்கிற கடன். இமேஜை டாக்கர் சேவ் பண்ணி பென் டிரைவ்ல வச்சுக்கலாம், லோட் பண்ணிக்கலாம். சிடிஎன் ஃபைல்களைப் புராஜெக்ட் ஃபோல்டருக்குள்ளேயே வச்சுக்கலாம். ஒரு சாயங்கால வேலை.

"அதான் ஏஐ இருக்கே?"

இருக்கு. நானும் பயன்படுத்தறேன். எரரை ஒட்டினா பதில் வரும். ஆனா எந்த வரியை ஒட்டறோம்கிறது நம்ம கையில இருக்கு. இருபதாவது எரரை ஒட்டினா இருபதாவது எரருக்குத்தான் பதில் வரும். "பெர்மிஷன் டினைட்"னு ரெண்டு வார்த்தையை மட்டும் ஒட்டினா, எந்தச் சுவர்னு தெரியாம அது பொதுவா ஒரு மருந்து சொல்லும். அந்த மருந்து பல நேரம் 777-ஆ இருக்கும். எக்ஸிட் கோடு, முதல் எரர் வரி, எந்தப் படி வரைக்கும் பதில் வருது, இந்த மூணையும் சேர்த்துக் கேட்கத் தெரிஞ்சவருக்கு அது நல்ல துணை. அதைச் சேர்க்கத் தெரியறதுக்குப் பேர்தான் டிரபிள்ஷூட்டிங். அது இல்லாம கையிழந்து நிக்கிற இன்னொரு இடமும் இருக்கு: இணையமே இல்லாத ஒரு தனி நெட்வொர்க். அங்க ஏஐ-யைக் கேட்க வழியே கிடையாது. மெஷின்ல இருக்கிற மேன் பேஜும் லாக்கும்தான்.

என்ன கேட்கிறேன்?

ஆசிரியர்கள் மேல குறை சொல்ற கட்டுரை இல்லை இது. அறுபது பேருக்கு ஒரு லேப், வாரத்துக்கு சில பீரியட், முடிக்க வேண்டிய சிலபஸ், கையெழுத்து போட வேண்டிய ரெக்கார்டு. இந்த நெருக்கடியில ஒவ்வொருத்தரோட எரரையும் உட்கார்ந்து பார்க்க நேரம் இல்லைங்கிறது நியாயம்தான். அதனால நேரம் கேட்காத ரெண்டு மாற்றத்தை மட்டும் கேட்கிறேன்.

ஒன்று, ரெக்கார்டுல 'ரிசல்ட்'டுக்கு மேல மூணு வரிக்கு இடம். எது ஓடலை, எந்த வரி அதைச் சொன்னது, ஏன் ஓடலை. எல்லாமே முதல் தடவையிலேயே ஓடினா காலியா விடலாம். ஆனா ஒரு கிளாஸ்ல அறுபது நோட்டும் காலியா இருந்தா, அறுபது பேரும் ஒரே நோட்டைப் பார்த்து எழுதினாங்கன்னு அர்த்தம்.

இரண்டு, மாடல் பிராக்டிகல்ல ஒரு கேள்வியாவது உடைஞ்ச கண்டெய்னரா இருக்கட்டும். ஃபோல்டர் இல்லாத எஸ்எஸ்ஹெச், 127.0.0.1-ல் ஒளிஞ்சிருக்கிற ஃபிளாஸ்க், விண்டோஸ் வரி முடிவோட ஒரு ஸ்கிரிப்ட். இமேஜ் தயார் பண்ணித் தர சீனியர்கள் நாங்க இருக்கோம். சரி பண்ணினா முழு மார்க். சரி பண்ண முடியாம, ஆனா எந்தச் சுவர்ல முட்டுதுன்னு சரியாச் சொன்னா முக்கால் மார்க். பிரிவிலேஜ்ட் போட்டு ஓட வச்சா பூஜ்யம்.

ஜூனியர்களுக்கு ஒரு வார்த்தை. இதுக்கு யாரோட அனுமதியும் காத்திருக்க வேண்டாம். இந்த சனிக்கிழமை ஒரு என்ஜின்எக்ஸ் கண்டெய்னரை எழுப்புங்க. ஓடுதுன்னா, கான்ஃபிக்ல ஒரு அரைப்புள்ளியை எடுத்துட்டு மறுபடி எழுப்புங்க. லாக் என்ன சொல்லுதுன்னு படிங்க. அப்புறம் போர்ட்டை மாத்துங்க, நெட்வொர்க்கைப் பிடுங்குங்க, ஃபோல்டரை அழிங்க. ஒவ்வொரு தடவையும் அது சாகும்போது என்ன சொல்லிட்டு சாகுதுன்னு ஒரு நோட்டுல எழுதி வைங்க. அந்த நோட்டுல யாரும் கையெழுத்து போட மாட்டாங்க. இன்டர்வியூவுக்குப் போகும்போது மறக்காம அதைப் புரட்டிட்டுப் போங்க.